மேல் டிவிஷனுக்கு வராத மூன்றாவது ரீல்

வீடியோ வந்து தியேட்டர்கள் காலியாகத் தொடங்கிய பிறகு, சினிமா சங்கத்தின் செயலாளர் எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி. வழுக்கைத் தலை பனியில் நனைந்திருந்தது. டவுன் சப்பாத்து முழுக்கச் செம்மண். வீடியோவை எதிர்த்து ஈப்போ நகரத்தில் கூட்டம் போடுகிறார்களாம். தோட்டங்களில் படம் ஓட்டுகிறவர்களும் வந்து கூட நிற்க வேண்டுமாம்.

"நாமெல்லாம் ஒரே தொழில்ல இருக்கிறவங்க, அக்கா. நமக்குள்ள ஒத்துமை வேணும்."

தேநீர் கொடுத்தேன். தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவருக்கு அதைக்கூடக் கொடுக்காவிட்டால் நமக்குத்தான் அசிங்கம். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. "மேல் டிவிஷன் சனங்களக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் எல்லாவற்றையும் மறந்திருந்தார். நான் மறக்கவில்லை.

எங்கள் தோட்டம் இரண்டு துண்டு. கீழ் டிவிஷனில் ஆலை, ஆபீஸ், கோயில், மின்சாரம், கணக்கு எழுதும் கிராணிமார் வீடுகள். மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் சில வரிசை லயங்களும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும்தான். நடுவில் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் லோரிப் பாதை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மழை பெய்தால் லோரியே யோசிக்கும். நான் பிறந்தது மேலே, கட்டிக்கொண்டு போனதும் மேலேயேதான். பகலில் கொழுந்து எடுப்பேன்.

என் கணவர் ஆலையில் மிஷின் பழுது பார்ப்பவர். எழுபதுகளில் ஈப்போவிலிருந்து ஒரு பழைய பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டரை வாங்கி வந்து, சனிக்கிழமைகளில் கோயில் திடலில் படம் ஓட்டத் தொடங்கினார். தோட்டத்துக் கிளப் அவரைப் பேசி வைத்துக்கொண்டது. படப்பெட்டி ஈப்போவில் ஒரு கம்பெனியிலிருந்து வாடகைக்கு வரும். மேல் டிவிஷன் சனம் அத்தனையும் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போவோம். முன்னால் பெஞ்சுகளில் கிராணிமார் குடும்பம். அதற்குப் பின்னால் கீழ் டிவிஷன். எங்களுக்கு மிச்ச இடம். படம் முடிந்து, பனிக்குள் மறுபடி ஏற வேண்டும்.

அப்படி ஏறும்போதுதான் என் தங்கை சறுக்கி வாய்க்காலில் விழுந்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். பிள்ளை தங்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் படம் பார்க்க இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை. கணவரிடம் சொன்னேன்: "படத்த மேல கொண்டுவா. இல்லாட்டி நீ தனியா ஓட்டிக்க." அவர் இன்னொரு பழைய மெஷினையும், மேலே கரண்டு இல்லாததால் ஒரு ஜெனரேட்டரையும் தேடிப் பிடித்து வந்தார். ஓட்டுவதற்கு ஆள் இல்லை. நான் ஓட்டினேன். முதலில் பிலிமை அறுத்தேன், ஒட்டினேன், மறுபடி அறுத்தேன். பிறகு வந்துவிட்டது.

ஒரு படம், இரண்டு இடம். எப்படி என்றால், கீழே முதல் ரீல் ஓடி முடிந்ததும் என் கொழுந்தன் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மேலே வருவார். நான் அதைத் திருப்பிச் சுற்றி மேலே ஓட்டுவேன். அதற்குள் கீழே இரண்டாவது ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ரீல் வித்தியாசம். கீழே கதாநாயகனுக்குக் கல்யாணம் நடக்கும்போது மேலே அவன் இன்னும் அந்தப் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்பு ஒரு சனிக்கிழமை. மேலே இரண்டாவது ரீல் முடிந்தது. துணியில் வெறும் வெள்ளை வெளிச்சம். விளக்கைப் போட்டேன். மூன்றாவது ரீல் அந்நேரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனம் முதலில் சும்மா இருந்தது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தார்கள்.

"அத்தாச்சி, உன் கொழுந்தன் கீழ உக்காந்து படம் பாக்குறாரா?"

"வில்லன் செத்துட்டானா இல்லையான்னு மட்டும் சொல்லு லா. நான் போய்ப் படுக்குறேன்."

"கதைய நீயே சொல்லிரு அத்தாச்சி. பாட்டு வேணாம், சண்டைய மட்டும் சொல்லு."

நானும் திட்டிச் சிரித்தேன். ஆனால் கண் வளைவிலேயே இருந்தது. மோட்டார் ஏறினால் முதலில் அந்த வளைவில் அதன் விளக்கில் பனி மஞ்சளாகும். ஆகவில்லை. மெஷின் சூடு ஆறிப்போனது. அந்த வாரம் முழுக்க மழை. பாதையில் ஓரிடத்தில் ஓரம் சரிந்திருந்தது. என் தங்கை எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள்.   படத்துக்காக ஒருவரை அனுப்பி, அவர் பள்ளத்தில் கிடந்தால்? ஆம்பளைகள் இரண்டு பேரை டார்ச் லைட்டோடு இறங்கிப் பார்க்கச் சொன்னேன். அவர்கள் கிளம்பும்போது பனி மஞ்சளானது.

கொழுந்தன் வந்தார். பின்னால் பெட்டி கட்டும் இடம் காலி.

"அண்ணி, ரீலப் புடிச்சிட்டாங்க."

"யாரு, போலீசா?"

"சங்கம்."

எனக்குப் புரியவில்லை. எங்களுக்கு அதுவரை தெரிந்த சங்கம் தொழிலாளர் சங்கம் ஒன்றுதான். தோட்டத்து மேனேஜர் துரை அநியாயம் செய்தால் அவர்கள் வந்து பேசுவார்கள். சங்கத்திலிருந்து ஒருவர் வந்தால் மாலை போட்டு முன்னால் உட்கார வைப்போம். கொழுந்தன் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோதுதான் நடந்தது விளங்கியது. தியேட்டர் முதலாளிகளும் படம் வாடகைக்கு விடுகிறவர்களும் சேர்ந்து ஈப்போவில் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். கீழ் டிவிஷன் சனம் சனிக்கிழமை பக்கத்து டவுனுக்கு வருவதில்லை என்று அந்த டவுன் தியேட்டர் முதலாளி அங்கே புகார் கொடுத்திருக்கிறார். சங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது. வந்தவர் கோட்டுப் போட்டவர், மரியாதையாகப் பேசுகிறவர். "சினிமா சங்கத்திலிருந்து வருகிறேன்" என்றதும் எங்கள் கோயில் தலைவர் குளிர்ந்துபோய், அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, சாமிக்கு வைத்திருந்த மாலையை எடுத்துப் போட்டுவிட்டார்.

அத்தோடு விட்டாரா? எங்கள் தோட்டத்தில் நன்றி சொல்லாமல் ஒரு காரியம் நடக்காது. ரீல் மாற்றும் இடைவெளியில் தலைவர் மைக்கைப் பிடிப்பார். கிளப்புக்கு நன்றி, கிராணியாருக்கு நன்றி, திடலைக் கூட்டியவருக்கு நன்றி. ஒருவர் பெயர் விட்டுப்போனால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சண்டை வரும். அதனால் அவர் யாரையும் விடமாட்டார். அன்றைக்கு விருந்தாளி வேறு முன்னால். மூன்றாவது ரீல் முடிந்ததும் எழுந்து, "இதே படத்தை இதே நேரத்தில் மேல் டிவிஷன் மக்களும் கண்டுகளிக்க ரீல் சுமந்து செல்லும் தம்பிக்கும், மேலே மெஷின் ஓட்டும் நமது தங்கச்சிக்கும் நன்றி" என்று முழங்கியிருக்கிறார். சனம் கைதட்டியது. கோட்டுக்காரரும் கைதட்டினார். பிறகு மாலையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்து பெட்டி மேல் கையை வைத்தார். ஒரு இடத்துக்கு வாடகைக்கு எடுத்த படத்தை இரண்டு இடத்தில் ஓட்டக் கூடாதாம்.

"மேல இருக்கற ரெண்டு ரீலையும் எடுத்துட்டு வரச் சொல்றாரு, அண்ணி."

"வேணும்னா அவர ஏறி வரச் சொல்லு."

அவர் ஏறவில்லை. மறுநாள் என் கணவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். நான்காவது ரீலைக் கீழேயும் ஓட்ட விடவில்லை. அந்த வில்லன் செத்தானா இல்லையா என்று எங்கள் தோட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

கம்பெனி கையை விரித்துவிட்டது. சங்கம் சரி என்று சொல்லாமல் எங்களுக்கு இனிப் படம் கிடையாதாம். திருவிழாவின் முதல் நாள் படம் ஓட்டுவதாகக் கிளப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அது போனால் எல்லாமே போனது. மெஷின் இரண்டும் கோழி அடைக்கத்தான் ஆகும். மேல் டிவிஷனுக்குப் படமும் போகும். ஈப்போவுக்குக் கிளம்பினோம். என் கணவர் சட்டைப்பையில் தொழிலாளர் சங்க அட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"சங்கத்துக்குச் சங்கம் ஒரு மரியாதை இருக்கும்ல."

பாவம், அப்படி நம்பினார்.

மலையிலிருந்து இறங்கும் தாப்பா ரோட்டு வளைவுகளில் குடலே வெளியே வந்தது. ஈப்போவில் இறங்கினால் நெருப்பு. நான் மலைக் குளிருக்குப் போட்ட சுவெட்டரோடு நின்றேன். உள்ளே போட்டிருந்த ரவிக்கை கிழிசல், அதனால் கழற்றவும் முடியாது. சங்கம் ஒரு கடைக்கு மேல்மாடியில். எதிரில் ஒரு தியேட்டர். வாசலில் காத்திருந்தபோது ஒரு மோட்டார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ரீல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தியேட்டருக்குள் ஓடினான். வேறு பெட்டியோடு வெளியே வந்தான், பறந்தான். எங்கே போகிறான் என்று கடைக்காரரைக் கேட்டேன். "அடுத்த தெரு தியேட்டருக்கு. ரெண்டுலயும் ஒரே படம்தான் ஓடுது" என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். "உள்ள போய் வாயத் தொறக்காத" என்றார்.

மேலே நீள மேசை. நடுவில் சங்கத் தலைவர், சீனத் தவுக்கே, பெரிய முதலாளி. ஒரு பக்கம் பிற்பாடு எங்கள் லயத்துக்கு ஏறி வந்த அதே வழுக்கைத் தலைச் செயலாளர், நம் தமிழர்தான். இன்னொரு பக்கம் டவுன் தியேட்டர் முதலாளி. புகார் கொடுத்தவரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பும் சொல்கிற இடத்தை நான் அங்கேதான் பார்த்தேன். எங்களை நிற்க வைத்துத்தான் பேசினார்கள். என் கணவர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். செயலாளர் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

"இது வேற. அது வேலைக்காரங்க சங்கம். இது தொழில் நடத்துறவங்க சங்கம்." பிறகு என்னைப் பார்த்து, "இவங்க யாரு?"

"மேல் டிவிஷன்ல ஓட்டுறது நான்தான்" என்றேன்.

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். தியேட்டர் முதலாளி, "மலையில பொம்பளைங்களும் ஆபரேட்டர் ஆயிட்டாங்களா? அப்புறம் எங்க ஆளுங்க கொழுந்து பறிக்கத்தான் போகணும்" என்றார்.

"வரச் சொல்லுங்க. வெரல் பத்திரம்" என்றேன். என் கணவர் என் சுவெட்டரைப் பிடித்து இழுத்தார்.

செயலாளர் பொறுமையாகத்தான் விளக்கினார். சங்கம் இல்லாவிட்டால் தீபாவளிக்கு எந்தப் படம் எந்தத் தியேட்டருக்கு என்று வெட்டுக் குத்து நடக்கும். கேளிக்கை வரியைக் குறைக்கச் சொல்லி அரசாங்கத்தில் பேசுவது சங்கம். திருட்டுப் பிரிண்டைப் பிடிப்பது சங்கம். இருக்கலாம். அதில் நான் குறை சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து தங்கள் தொழிலைக் காப்பாற்றிக்கொள்வது தப்பில்லை. ஆனால் அந்த மேசையில் படம் பார்க்கிறவன் ஒருவன்கூட இல்லை. படம் ஓட்டுகிறவனும் இல்லை.

தவுக்கே மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: "சத்து பிலேம், சத்து தெம்பாட்." ஒரு படம், ஒரு இடம். முடிந்தது.

"கீழ எதிர்க் கொட்டகையில ஒருத்தன் ரீல மோட்டார்ல தூக்கிட்டுப் போறானே, அது எத்தன எடம்?" என்று கேட்டேன்.

 செயலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "அது மெம்பருக்குள்ள உள்ள ஏற்பாடு."

"அப்ப நாங்களும் மெம்பர் ஆவுறோம்."

"மெம்பர் ஆகணும்னா சொந்தமா கட்டடம் வேணும். அப்புறம் உங்க ஏரியா மெம்பர் ஒருத்தர் சிபாரிசு பண்ணணும்." எங்கள் ஏரியா மெம்பர் யார்? டவுன் தியேட்டர் முதலாளி. அவர் மேலே சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தங்கை விழுந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்த ஆட்களிடம் சொல்கிற விஷயமா அது? எல்லாரும் சேர்ந்து காற்றாடியைப் பார்த்தார்கள். தவுக்கே மட்டும் என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். செயலாளர் ஏதோ சொன்னார், பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கு மலாய் தெரியும்.

கடைசியில் இரக்கம் காட்டினார்கள். இந்த ஒரு தடவை மன்னிப்பு. கம்பெனி படம் கொடுக்கும். ஆனால் ஒரே இடம். இரண்டாவது இடத்தில் ஓட்டியது தெரிந்தால் பகாங் மாநிலத்தில் எங்கேயும் எங்களுக்குப் படம் கிடைக்காது. செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"எந்த எடம்னு சொல்லுங்க."

என் கணவர் வாயைத் திறந்தார். கோயில் கீழே. கிளப் கீழே. தலைவர் கீழே. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

"மேல் டிவிஷன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் அதற்குள் தியேட்டர் முதலாளி, "அது ரொம்பத் தூரம்ல? அப்ப எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். கீழ் டிவிஷன் சனம் இனித் தன் கொட்டகைக்கு வந்துவிடும் என்று அவருக்குக் கணக்கு. செயலாளர் எழுதிவிட்டார்.

பஸ்ஸில் அருவி வளைவு வந்ததும் என் கணவர் ஆரம்பித்தார். 

"நாளைக்குப் பெரட்டுல என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"வழக்கமா வைக்கிற எடத்துலயே வையி."

"கீழ உள்ள சனம் வரலன்னா கிளப் நம்மள நிறுத்திரும். தெரியுமா உனக்கு?"

தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மறுநாளே கோயில் தலைவர் ஏறி வந்தார். ஏறி வந்த கோபத்தில் முகம் கறுத்திருந்தது. "சாமி கீழ இருக்கு. திருவிழாப் படம் மேலயா? பொம்பளப் பேச்சக் கேட்டு ஊர ரெண்டாக்குறீங்களா?"

"ஊர் ஏற்கனவே ரெண்டாத்தான் இருக்கு, மாமா. நாங்க எறங்கி வந்த வழி அப்படியே இருக்கு. ஏறி வாங்க."

"கிராணி வீட்டம்மாவுக்கு முட்டி வலி. அவங்க ஏறுவாங்களா?"

"என் தங்கச்சி எறங்கல?"

 வேறு ஆபரேட்டரைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிட்டும் பார்த்தார். கீழ் டிவிஷன் என்றாலே டவுன் முதலாளி குறுக்கே நிற்பார் என்று எல்லா ஆபரேட்டர்களும் சொல்லிவிட்டார்கள். கடைசியாகச் சொல்லி அனுப்பினார்: "ஒருத்தரும் வரமாட்டோம். பனிக்கு ஓட்டச் சொல்லு." வயதானவர்களுக்காவது ஆலை லோரி வேண்டும் என்று நான் கிராணியிடம் கேட்டேன். துரை மாட்டேன் என்றாராம். துரையைக் கேட்டாரா, கேட்காமலே சொன்னாரா, யாருக்குத் தெரியும்.

திருவிழாவின் முதல் நாள் மாலை எங்கள் லயத்துப் பெண்கள் திடலைக் கூட்டிச் சாக்குகளை விரித்தார்கள். முன்பக்கம் முழுக்கக் காலியாக விட்டார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே விட்டார்கள். அங்கங்கே தீ மூட்டினார்கள். மெஷின் இரண்டும் மேலே இருந்தன. ஆனால் எங்கள் ஜெனரேட்டர் ஒன்றைத்தான் தாங்கும். முதல் ரீலைக் கோத்து வைத்தேன். துணியில் ஈரம் சொட்டியது. நேரம் ஆனது.

"ஓட்டு லா, அத்தாச்சி! யாரும் வரமாட்டாங்க."

"பொறு."

என் கணவர் ஜெனரேட்டர் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கிளப் நிறுத்தினால் அவருக்குக் கிடைக்கப்போகும் அவமானம் எனக்கும்தான். நான் வளைவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். போன தடவை ரீலுக்கு. இந்தத் தடவை சனத்துக்கு. இருட்டு. பனி வெள்ளையாகவே கிடந்தது.  என் தங்கைதான் முதலில் பார்த்தாள்.

"வராங்க" என்றாள்.

வளைவில் பனி மஞ்சளானது. ஒரு டார்ச், பிறகு சில, பிறகு வரிசையாக. முதலில் பிள்ளைகளின் சத்தம். அப்புறம் பெண்கள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் முழுக்கச் சேறு. கிராணி தன் மனைவி உட்காரும் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து வந்தார். எங்கேயோ சறுக்கியிருக்கிறார், கால்சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் செம்மண். அந்த அம்மா அவர் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, "இந்த வழியாவா இவங்க வாரம் வாரம் வந்தாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாரும் வரவில்லை. வராதவர்கள் பலர். ஆனால் முன்பக்கம் நிறைந்தது.

கோயில் தலைவர் கடைசியில் வந்தார். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல், "எங்க ஒக்கார்றது?" என்றார்.

"எடம் இருக்கற எடத்துல, மாமா."

ஓட்டினேன். இரண்டாவது ரீல் முடிந்ததும் மனுஷர் மைக்கைத் தேடி எடுத்துவிட்டார். மேல் டிவிஷன் பெண்களுக்கு நன்றி. சாக்கு கொடுத்தவர்களுக்கு நன்றி. தீ மூட்டியவர்களுக்கு நன்றி. அதுவரை சரி. நான் அடுத்த ரீலைக் கோத்துக்கொண்டிருந்தேன். "மேலும், நமக்குப் பெருந்தன்மையோடு படம் கொடுத்து உதவிய ஈப்போ சினிமா சங்கத்தாருக்கும்…" என்று தொடங்கினார்.

காலை நீட்டி மைக் வயரை இழுத்துவிட்டேன். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். சனம் சிரித்தது. விளக்கை அணைத்தேன். மூன்றாவது ரீல் ஓடத் தொடங்கியது.